ஊர்ப் பிரச்சினையை வானொலிக்குக் கொண்டுபோவது எப்படி: உரிமை சார்ந்த விவரண நிகழ்ச்சி தயாரிக்க முழுமையான வழிகாட்டி

வானொலிக்காக 20 நிமிட விவரண நிகழ்ச்சி ஒன்றை முதன்முறையாகத் தயாரிக்கப் போகிறவருக்காக இதை எழுதுகிறேன். காணி, கடற்றொழில், குடிநீர், காணாமல் ஆக்கப்பட்டோர், சாதிப் பாகுபாடு என்று மக்களின் உரிமையைத் தொடும் விடயம் எதுவாக இருந்தாலும் வேலையின் ஒழுங்கு ஏறக்குறைய ஒன்றுதான். யாழ்ப்பாண மாவட்டத்தின் அலுவலகங்களையும் நிலைமைகளையும் மனதில் வைத்தே சொல்கிறேன்.

புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில் தடுமாறுகிறார்கள். ஒலிப்பதிவுக் கருவியை எடுத்துக்கொண்டு நேரே பாதிக்கப்பட்டவரின் வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். அழுகை பதிவாகிறது, நிகழ்ச்சி போகிறது, கேட்டவர்கள் இரக்கப்படுகிறார்கள். பதில் சொல்ல வேண்டிய அலுவலகத்துக்கு ஒரு கேள்விகூடப் போவதில்லை. கொஞ்ச நாளில் வேறொருவர் மைக்கோடு வருகிறார், அந்த அம்மா அதே கதையைத் திரும்பச் சொல்கிறார். இது நிற்க வேண்டுமென்றால் வேலையின் வரிசையை மாற்ற வேண்டும். முதலில் கடதாசி, அப்புறம் ஆள், அதற்குப் பிறகு அலுவலகம்.

1. தொடங்குமுன் கையில் இருக்க வேண்டியவை

முதலாவது தேவை காலம். இரண்டு மாதமாவது ஒதுக்குங்கள். தகவல் கோரும் விண்ணப்பத்துக்குப் பதில் வரவே பல வாரங்கள் எடுக்கும். அடுத்த கிழமை ஒலிபரப்பு என்று வைத்துக்கொண்டு தொடங்கினால் ஆவணம் இல்லாத நிகழ்ச்சிதான் வரும்.

கருவிகளில் அதிகம் செலவழிக்கத் தேவையில்லை. ஒரு ஒலிப்பதிவுக் கருவி, அல்லது வெளி மைக் பொருத்தக்கூடிய நல்ல கைத்தொலைபேசி. மைக்குக்குக் காற்றுத் தடுப்பு உறை. காதை முழுதாக மூடும் ஹெட்போன். மேலதிக பற்றரி, இரண்டு மெமரி கார்ட். ஹெட்போன் இல்லாமல் பதிவுசெய்யாதீர்கள். வயர் கரகரக்கிறதா, மைக்கில் சேலை உரசுகிறதா என்பதை வேறு வழியில் கண்டுபிடிக்க முடியாது.

மூன்றாவது, வானொலி நிலையத்தோடு தெளிவான உடன்பாடு. இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் 1966ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கச் சட்டத்தால் அமைக்கப்பட்ட அரச நிறுவனம். அதன் சேவை ஒன்றுக்குச் செய்கிறீர்கள் என்றால் விடயம், நீளம், நேரம், கடைசித் தீர்மானம் யாருடையது என்பவற்றைத் தயாரிப்பாளரிடம் தொடக்கத்திலேயே எழுத்தில் வாங்குங்கள். தனியார் நிலையத்துக்கும் சமூக வானொலிக்கும் இதுவே பொருந்தும். உங்களை நம்பிப் பேசியவரிடம், "இன்றிரவு போகும்" என்று சொன்ன நிகழ்ச்சி கடைசி நேரத்தில் நின்றுபோனால் அந்த வலி அவருக்குத்தான்.

சந்தேகம் வந்தால் தொலைபேசியில் கேட்கக்கூடிய சட்டத்தரணி ஒருவரையும் முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

2. விடயத்தைக் குறுக்குங்கள்

"வலிகாமம் வடக்குக் காணிப் பிரச்சினை" என்பது 20 நிமிடத்துக்குள் அடங்காது. "இராணுவப் பிடியிலிருந்து விடுவிக்கப்பட்டதாக அறிவித்த இந்தக் காணிகளுக்குப் போகும் பாதை ஏன் இன்னும் மூடியிருக்கிறது" என்பது அடங்கும்.

யாழ்ப்பாண மாவட்டத்தில் 15 பிரதேச செயலகப் பிரிவுகளும் 435 கிராம அலுவலர் பிரிவுகளும் இருக்கின்றன. உங்கள் விடயம் இவற்றில் எதில் நடக்கிறது என்று சொல்ல முடியாவிட்டால் அது இன்னும் அகலமாகவே இருக்கிறது. ஓர் இடம், ஒரு தீர்மானம், ஓர் அலுவலகம். ஒரு நிகழ்ச்சிக்குள் ஓர் அலுவலகத்தைத்தான் ஒழுங்காகக் கேள்வி கேட்க முடியும். மூன்றைக் கூப்பிட்டால் ஒவ்வொன்றும் மற்றதைக் கைகாட்டிவிட்டுத் தப்பிக்கொள்ளும்.

ஒரு சோதனை இருக்கிறது. யார், எதை, எப்போது செய்திருக்க வேண்டும் என்று ஒரே வசனத்தில் எழுதிப் பாருங்கள். "யார்" என்ற இடம் வெறுமையாக இருந்தால் நீங்கள் இன்னும் புறப்படத் தயாரில்லை.

கடற்றொழிலை எடுப்போம். புதியவர் உடனே எழுதுவது "இந்திய இழுவைப் படகுகளால் பாதிக்கப்படும் நம் மீனவர்" என்று. அது உண்மையான பிரச்சினை, பெரிய பிரச்சினையும்கூட. ஆனால் அடிமட்ட இழுவைமடித் தொழில், அதாவது கடலடியை வாரி இழுக்கும் வலைத் தொழில், 2017ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கக் கடற்றொழில் திருத்தச் சட்டத்தால் இலங்கையில் தடைசெய்யப்பட்டது. அந்தத் தடை உங்கள் பகுதியில் உள்ளூர் இழுவைப் படகுகள் மீது எப்படி நடைமுறையாகிறது என்று கேட்டுப் பாருங்கள். கேள்வி உடனே ஒரு திணைக்களத்தின் மேசைக்குப் போய்விடுகிறது. சிறுதொழில் செய்பவர்கள் சொல்லத் தயங்கும் பல விடயங்களும் அங்கேதான் இருக்கும்.

3. சட்டம் என்ன சொல்கிறது என்று பாருங்கள்

நீங்கள் சட்டத்தரணி ஆக வேண்டியதில்லை. இந்த விடயத்தில் எந்த உரிமை தொடப்படுகிறது, அதைக் கேட்க எந்தக் கதவு இருக்கிறது என்ற இரண்டு மட்டும் தெரிந்தால் போதும். இதைத் தெரியாமல் ஒலிபரப்பினால் நேயருக்குக் கவலை மட்டும்தான் மிஞ்சும்.

அரசியலமைப்பின் 12ஆம் உறுப்புரை சட்டத்தின் முன் சமத்துவம் பற்றியது. இனம், மதம், மொழி, சாதி, பால், அரசியற் கருத்து, பிறந்த இடம் காரணமாகப் பாகுபாடு காட்டக்கூடாது என்று 12(2) சொல்கிறது. 14ஆம் உறுப்புரை பேச்சுச் சுதந்திரத்தை உள்ளடக்குகிறது. 2015இன் 19ஆவது திருத்தம் தகவல் பெறும் உரிமையை 14அ என்று சேர்த்தது.

இவை மீறப்பட்டால் 126ஆம் உறுப்புரையின் கீழ் உயர் நீதிமன்றத்துக்கு நேரே அடிப்படை உரிமை மனுவாகப் போகலாம். இதில் புதியவர்கள் ஒலிபரப்பில் விட்டுவிடும் இரண்டு விடயங்கள் உண்டு. ஒன்று, காலம்: மீறல் நடந்து ஒரு மாதத்துக்குள் போக வேண்டும். மற்றது, மனு அரச நிர்வாகத்தின் செயலுக்கு எதிரானது. ஒரு தனியார் கடை முதலாளி செய்த பாகுபாட்டை நேரே அதில் கொண்டுபோக முடியாது. "நீதிமன்றம் போகலாம்" என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போனால், இரண்டு மாதம் கழித்துச் சட்டத்தரணியிடம் போகும் நேயர் ஏமாந்துதான் திரும்புவார்.

ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டால், அங்கே விசாரணை நடக்கும் காலம் இந்தக் கணக்கில் சேராது என்று 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின் 13ஆம் பிரிவு சொல்கிறது. ஆணைக்குழுவுக்கு யாழ்ப்பாணத்தில் பிராந்திய அலுவலகம் உண்டு. ஆனாலும் நீதிமன்றங்கள் இந்தப் பிரிவை இறுக்கமாகவே வாசித்திருக்கின்றன. எனவே ஒலிபரப்பில் இதைச் சொல்லும்போது சட்டத்தரணியின் வாயால் சொல்ல வையுங்கள்.

சுன்னாகம் நிலத்தடி நீரில் கழிவு எண்ணெய் கலந்த விடயத்தை ஒருமுறை ஆறுதலாக ஆராயுங்கள். உயர் நீதிமன்றம் 2019 ஏப்ரலில் தீர்ப்பளித்து, மின்னுற்பத்தி நிறுவனம் அப்பகுதி மக்களுக்கு 2 கோடி ரூபா நட்டஈடு செலுத்த வேண்டும் என்றது. மனுதாரர் சுன்னாகத்துக் கிணற்றுக்காரர் இல்லை, பொதுநலனுக்காக வந்த சுற்றாடல் அமைப்பொன்றைச் சேர்ந்தவர். பாதிக்கப்பட்டவர் தானே மனுவோடு நிற்க வேண்டும் என்று நினைத்துப் பயப்படும் ஊர்களுக்கு இந்த ஒரு தகவலே பெரிய உதவி.

காணி விடயத்தில் அரசின் அறிவித்தல்கள் வெளியாகும் வர்த்தமானியை வாசிக்கப் பழகுங்கள். 2025 மார்ச் 28ஆம் திகதி வெளியான அறிவித்தல், வடக்கில் ஆயிரக்கணக்கான ஏக்கர் காணிகளுக்கு உரிமை கோருபவர்கள் மூன்று மாதத்துக்குள் முன்வர வேண்டும், தவறினால் அவை அரச காணியாகலாம் என்றது. எதிர்ப்பு எழுந்தது, உயர் நீதிமன்றத்துக்கும் விடயம் போனது, பிறகு அரசாங்கம் அதை மீளப்பெற்றது. இடம்பெயர்வில் காணி உறுதிப் பத்திரத்தைத் தொலைத்தவர்களுக்கும் வெளிநாட்டில் இருப்பவர்களுக்கும் அந்த மூன்று மாதம் எவ்வளவு குறுகியது என்று யோசியுங்கள். இப்படியான அறிவித்தல் வரும் நாளில் வானொலி செய்யக்கூடிய முதல் உதவி, கடைசித் திகதியையும் போக வேண்டிய அலுவலகத்தையும் தெளிவான தமிழில் திரும்பத் திரும்பச் சொல்வது.

4. தகவல் விண்ணப்பத்தை இப்போதே போடுங்கள்

2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலுக்கான உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரி 3 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஆட்களைச் சந்திக்குமுன் விண்ணப்பத்தைக் கொடுத்துவிடுங்கள். நீங்கள் மற்ற வேலைகளைச் செய்யும் காலத்தில் அதன் நாட்களும் ஓடிக்கொண்டிருக்கும்.

விண்ணப்பத்துக்குக் கட்டணம் இல்லை. ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லவும் தேவையில்லை. அலுவலகத்தின் தகவல் அலுவலரின் பெயருக்குத் தமிழில் எழுதிக் கொடுங்கள். கொடுத்ததற்கான பற்றுச்சீட்டை வாங்காமல் படியிறங்காதீர்கள். அந்தத் திகதியிலிருந்துதான் எல்லாக் கணக்கும் தொடங்கும்.

தகவல் தருவதா இல்லையா என்ற தீர்மானம் 14 வேலை நாட்களுக்குள் வர வேண்டும். தருவதாகத் தீர்மானித்தால், பிரதிக்கான கட்டணம் இருந்தால் அதைச் செலுத்தியதிலிருந்து 14 நாட்களுக்குள் தகவல் கையில் கிடைக்க வேண்டும். தகுந்த காரணம் காட்டி மேலும் 21 நாட்கள் வரை நீட்டலாம். ஒருவரின் உயிர் அல்லது ஆள்சுதந்திரம் பற்றிய தகவலானால் 48 மணித்தியாலம். மறுத்தால் 14 நாட்களுக்குள் அதே நிறுவனத்தில் மேன்முறையீட்டுக்குப் பொறுப்பான அலுவலரிடம் போகலாம், அவர் மூன்று வாரத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும். அதிலும் திருப்தி இல்லையென்றால் இரண்டு மாதத்துக்குள் தகவல் அறியும் உரிமைக்கான ஆணைக்குழு.

விண்ணப்பத்தில் நடக்கும் பெரிய பிழை, விளக்கம் கேட்பது. "ஏன் பாதையைத் திறக்கவில்லை?" என்று எழுதினால் "அப்படியான தகவல் எம்மிடம் இல்லை" என்று ஒரு வரியில் முடித்துவிடலாம். சட்டம் தருவது அவர்களிடம் இருக்கும் பதிவுகளை. ஆகவே பதிவைக் கேளுங்கள்: இந்தத் திகதியிலிருந்து இந்தத் திகதி வரை இந்தப் பாதை தொடர்பாக அனுப்பிய கடிதங்களின் பிரதி, இன்ன கூட்டத்தின் அறிக்கை, ஒதுக்கிய நிதி, செலவழித்த நிதி. ஒரு விண்ணப்பத்தில் மூன்று நான்கு விடயத்துக்கு மேல் வேண்டாம். நீளமான பட்டியல், முழுவதையும் பின்போடுவதற்குச் சாட்டாகிவிடும்.

5. முதல் சந்திப்புக்கு மைக் கொண்டுபோக வேண்டாம்

இந்தப் படியைத் தாண்டி ஓடுபவர்களே அதிகம். நேரமில்லை என்பார்கள். ஆனால் இரண்டாவது சந்திப்பில் கிடைக்கும் பதிவின் தரம் முழுவதும் இந்த முதல் சந்திப்பில்தான் இருக்கிறது.

யாரோடு போகிறீர்கள் என்பதைக் கவனியுங்கள். கிராம அலுவலரோ கட்சிக்காரரோ கூட்டிக்கொண்டு போனால், அவர் கேட்க விரும்புவதைத்தான் அந்த வீட்டார் பேசுவார்கள். மாதர் சங்கத்தில் இருக்கும் அக்கா ஒருவர், ஊரில் நம்பப்படும் ஓர் ஆசிரியர், கடற்றொழிலாளர் சங்கத்துப் பெரியவர், இப்படி ஒருவர் வழியாகப் போங்கள்.

அங்கே போய்க் கதையைக் கேட்பதற்கு முன் கடதாசிகளைக் கேளுங்கள். உறுதி, அனுமதிப்பத்திரம், அலுவலகம் அனுப்பிய கடிதம், பொலிஸ் முறைப்பாட்டு இலக்கம். பலர் எல்லாவற்றையும் ஒரு பொலித்தீன் பையில் போட்டு அலுமாரிக்குள் வைத்திருப்பார்கள். அதைத் திகதி வாரியாக அடுக்கிக் கொடுங்கள். உங்களுக்குக் காலவரிசை கிடைக்கும், அவருக்கும் அது பயன்படும். திகதிகளையும் இலக்கங்களையும் கடதாசியிலிருந்து எடுத்துக்கொண்டால், மைக் முன்னால் அவர் அவற்றை நினைவுபடுத்தித் தடுமாற வேண்டியதில்லை. அவருக்கு மட்டுமே தெரிந்ததை மட்டும் அவரிடம் கேட்கலாம்.

"எதைப் பற்றிக் கதைக்க விருப்பமில்லை?" என்று நேரடியாகக் கேளுங்கள். சொன்னதை எழுதி வையுங்கள். இரண்டாம் சந்திப்பில் அந்தப் பக்கம் போகாதீர்கள்.

வீட்டைவிட்டு வந்தபிறகு இன்னொரு கேள்வியை உங்களையே கேளுங்கள். இந்த விடயத்தில் யாருடைய குரல் இன்னும் வரவில்லை? காணி நிகழ்ச்சியில் உறுதி உள்ளவர்கள் பேசுவார்கள், காணியே இல்லாமல் நலன்புரி முகாமில் காலம் கழித்த குடும்பம் பேசாது. மீள்குடியேற்றம் பற்றிய நிகழ்ச்சியில் 1990 ஒக்டோபரில் வெளியேற்றப்பட்டுத் திரும்பிவந்த சோனகத் தெரு முஸ்லிம் குடும்பங்கள் விடுபட்டுப் போகும். வன்னியில் குடியேறிய மலையகத் தமிழரும் அப்படித்தான். வடக்கின் பிரச்சினை என்று சொல்லிக்கொண்டு வடக்கில் வாழும் ஒரு பகுதியினரை மட்டும் பேசவிடுவது அநியாயம்.

சாதி பற்றியும் இங்கே சொல்ல வேண்டும். எங்கள் ஊர்களில் வானொலி மிக அதிகமாக மௌனம் காத்த விடயம் அது. சமூகக் குறைபாடுகளைத் தடுக்கும் சட்டம் 1957இலேயே வந்துவிட்டது, 21ஆம் இலக்கம். கோவிலுக்குள் போவதையோ தேநீர்க்கடையில் இருப்பதையோ பொதுக் கிணற்றில் தண்ணீர் எடுப்பதையோ சாதி காரணமாகத் தடுப்பது குற்றம். இந்த விடயத்தில் பேசுபவரிடம் "நீங்கள் என்ன சாதி?" என்று ஒருபோதும் கேட்காதீர்கள், ஒலிபரப்பிலும் சொல்லாதீர்கள். எது மறுக்கப்பட்டது, யார் மறுத்தார், எந்த நாளில் என்று கேளுங்கள். வெட்கப்பட வேண்டியவர் மறுத்தவர். கேள்வியும் அவரை நோக்கியே போக வேண்டும்.

6. சம்மதமும் பாதுகாப்பும்

சம்மதம் மூன்று விடயங்களுக்குத் தனித்தனியாக வாங்க வேண்டும்: பதிவுசெய்வதற்கு, ஒலிபரப்புவதற்கு, இணையத்தில் போடுவதற்கு. ஒருமுறை காற்றில் போகும் குரலும் யூடியூபில் நிரந்தரமாகக் கிடக்கும் குரலும் ஒரே ஆபத்தைக் கொண்டவை அல்ல. ஒலிபரப்புக்கு முதல்நாள் வரை மனம் மாறலாம் என்றும் சொல்லுங்கள், மாறினால் மறுபேச்சில்லாமல் எடுத்துவிடுங்கள்.

பெயரை மறைத்தால் ஆளை மறைத்துவிட்டோம் என்று நினைப்பது பிழை. எங்கள் ஊர்களில் குரலைக் கேட்டே ஆளைச் சொல்லிவிடுவார்கள். "மூன்று பிள்ளைகளைத் தொலைத்த, சந்திக்கடைக்குப் பின்னால் இருக்கும் அம்மா" என்றால் பெயரே தேவையில்லை. கணினியில் குரலைத் தடிப்பாக்குவதும் போதாது, அதைத் திருப்பிப் பழைய நிலைக்குக் கொண்டுவரலாம். உண்மையில் ஆபத்து இருக்கிறதென்றால் அவர் சொன்னதை எழுதி, வேறொருவரைக் கொண்டு வாசிக்க வையுங்கள். வேறொருவர் வாசிக்கிறார் என்பதை நேயருக்கும் சொல்லுங்கள்.

பாலியல் வன்முறைக்கு உள்ளானவரை அடையாளம் காட்டக்கூடிய எதையும் வெளியிடுவது தண்டனைச் சட்டக்கோவையின் 365இ பிரிவின்படி குற்றம். பள்ளிக்கூடத்தின் பெயர், அப்பாவின் தொழில், வீட்டுப் பாதை எல்லாமே இதில் அடங்கும். சிறுவர் விடயத்தில் பெற்றோர் சம்மதித்தாலும் குரலை ஒலிபரப்ப வேண்டாம் என்பதே என் கருத்து.

காணாமல் ஆக்கப்பட்டோரின் குடும்பங்களுக்கு விசாரணை என்று ஆட்கள் வருவது புதிதல்ல. அவர்களது பதிவுகளைக் கைத்தொலைபேசியில் வைத்துக்கொண்டு திரியாதீர்கள். அன்றே வேறு இடத்துக்கு மாற்றிவிட்டு அழியுங்கள். கோப்புகளுக்கு ஆளின் பெயர் வேண்டாம், இலக்கம் போதும். உங்கள் பாதுகாப்பும் இதில் சேர்ந்தது. பீபீசிக்காக யாழ்ப்பாணத்திலிருந்து செய்தி அனுப்பிய மயில்வாகனம் நிமலராஜன் 2000 ஒக்டோபர் 19 அன்று, ஊரடங்கு நேரத்தில், தன் வீட்டிலேயே கொல்லப்பட்டார். எங்கே போகிறீர்கள், எப்போது திரும்புவீர்கள் என்று ஒருவரிடமாவது சொல்லிவிட்டுப் போங்கள்.

7. ஒலிப்பதிவு

வீட்டுக்குள் நுழைந்ததும் ஒரு நிமிடம் பேசாமல் நின்று காதால் கேளுங்கள். மின்விசிறி, குளிர்சாதனப் பெட்டி, பக்கத்து வளவில் தண்ணீர்ப் பம்பு, தூரத்தில் லாண்ட்மாஸ்டர். நிறுத்தக்கூடியதை நிறுத்தச் சொல்லுங்கள், முடிந்ததும் திரும்பப் போட மறக்காதீர்கள். தகரக் கூரை வீட்டில் மழை நாளில் பதிவே எடுக்க முடியாது. கோவில் திருவிழாக் காலமா என்று முன்கூட்டி விசாரியுங்கள். ஒலிபெருக்கிப் பாட்டு பின்னணியில் போனால் ஒரு வசனத்தையும் வெட்டி ஒட்ட முடியாது, பாட்டு துள்ளும்.

கடற்கரையில் சோளகம் என்ற தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் சின்னப் பஞ்சு உறை எதற்கும் உதவாது. மயிர் போன்ற தடித்த உறை வேண்டும், காற்றுக்கு முதுகு காட்டி நிற்க வேண்டும். முடிந்தால் மீனவர் வாடிக்குள் (கடற்கரைக் கொட்டிலுக்குள்) போய்ப் பேசிவிட்டு, கடல் சத்தத்தைத் தனியாகப் பதிவுசெய்துகொள்ளுங்கள்.

மைக் வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில், நேரே அல்லாமல் சற்றுப் பக்கவாட்டில் இருக்கட்டும். நேரே பிடித்தால் "ப" ஒலிகள் வெடிக்கும். வேவ் கோப்பாகப் பதிவுசெய்யுங்கள், எம்பி3 வேண்டாம். அளவுமானியில் உச்சம் மைனஸ் 12 டெசிபெல் அளவில் நின்றால், திடீரென்று குரல் உயர்ந்தாலும் உடையாது. தொலைபேசியில் பதிவுசெய்தால் விமானப் பயன்முறைக்கு மாற்றிவிடுங்கள். பேச்சு முடிந்தபின் அந்த அறையின் வெறும் சத்தத்தை ஒரு நிமிடம் எடுங்கள். வெட்டிய இடங்களை நிரப்ப அது இல்லாமல் முடியாது.

கேள்விகள் சிறிதாக இருக்கட்டும். "அம்மா, அந்தக் கடிதம் வந்த அண்டைக்கு நீங்கள் என்ன செய்துகொண்டிருந்தனீங்கள்?" என்றால் ஒரு காட்சி கிடைக்கும். "உங்கள் மனநிலை எப்படி இருந்தது?" என்றால் அழுகை மட்டும்தான் கிடைக்கும். பதில் முடிந்ததும் "ம்" போடாமல் தலையை மட்டும் ஆட்டுங்கள். சில விநாடி பொறுங்கள். முக்கியமானதைப் பலர் அந்த இடைவெளிக்குப் பிறகுதான் சொல்கிறார்கள்.

அழத் தொடங்கினால் பதிவை நிறுத்துங்கள். தண்ணீர் கொடுங்கள். தொடரலாமா என்பதை அவர் சொல்லட்டும்.

8. அலுவலகத்திடம் பதில் கேளுங்கள்

இப்போது உங்களிடம் ஆவணமும் இருக்கிறது, அனுபவமும் இருக்கிறது. இனித்தான் அலுவலகம். முன்னரே போயிருந்தால் "கவனத்தில் எடுத்துள்ளோம்" என்ற பதிலை வாங்கிக்கொண்டு வந்திருப்பீர்கள்.

முன்மேசையில் இருக்கும் உத்தியோகத்தரை மைக்கோடு மடக்காதீர்கள். அனுமதியில்லாமல் ஊடகத்துக்குப் பேச, அரச ஊழியர்களுக்கான தாபன விதிக்கோவை அவருக்கு இடம்கொடுக்காது. அவரை மாட்டிவிடுவதால் உண்மை எதுவும் வராது. அலுவலகத் தலைவருக்கு எழுத்தில் கேள்விகளை அனுப்புங்கள். நான்கு கேள்வி போதும், ஒவ்வொன்றிலும் திகதி இருக்கட்டும், ஆவணத்தின் இலக்கம் இருக்கட்டும். ஐந்து வேலை நாட்களாவது கொடுங்கள், ஒலிபரப்பு நாளையும் சொல்லுங்கள்.

பதில் வந்தால் அதன் சாரத்தை நேர்மையாகச் சேருங்கள், உங்கள் வாதத்துக்குப் பிடிக்காத பகுதியையும் சேர்த்து. வராவிட்டால், "இன்ன திகதியில் இந்தக் கேள்விகளை அனுப்பினோம், இன்றுவரை பதில் கிடைக்கவில்லை" என்று கோபம் இல்லாத குரலில் வாசியுங்கள். அந்த ஒரு வரிக்கு இருக்கும் கனம் பத்து நிமிடக் கண்டனத்துக்கு இல்லை.

பாதிக்கப்பட்டவரைப் பற்றிக் குறிப்பிடும் எந்த விவரத்தையும் அவரிடம் கேட்காமல் இந்தக் கடிதத்தில் எழுதாதீர்கள். எந்த வீட்டார் முறையிட்டார்கள் என்று கண்டுபிடிப்பதற்கு உங்கள் கடிதமே வழிகாட்டிவிடக்கூடாது.

9. வாசிக்கும் பிரதியை எழுதுதல்

தமிழில் ஆறுதலாக வாசித்தால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 90 முதல் 100 சொற்கள் போகும். உங்கள் வேகத்தை வாசித்தே அளந்துகொள்ளுங்கள். 20 நிமிடத்தில் பாதி மற்றவர்களின் குரல் என்று வைத்தால் உங்களுக்கு மிஞ்சுவது 900 சொற்கள். புதியவர்கள் 2,000 சொல் எழுதிவிட்டு மக்களின் குரலை வெட்டுகிறார்கள். வெட்ட வேண்டியது உங்களுடையதை.

ஒரு வசனத்தில் ஒரு செய்தி. கேட்பவர் திரும்பிப் போய் வாசிக்க முடியாது. சட்டத்தின் இலக்கத்தையும் பிரிவையும் ஒரு முறை சொன்னால் போதும், அதன் பொருளை இரண்டு முறை சொல்லுங்கள். இலக்கங்களைச் சுற்றிச் சொல்லுங்கள்: "ஏறக்குறைய முந்நூறு குடும்பங்கள்". அறிவிப்புத் தமிழ் எழுத்துத் தமிழாக இருக்கலாம், ஆனால் பேசுபவரின் யாழ்ப்பாணப் பேச்சைத் திருத்தி வாசிக்காதீர்கள். தீவகத்தவர் பேசுவது தீவகத்துப் பேச்சாகவே கேட்கட்டும்.

முதல் ஒரு நிமிடத்துக்குள் நீங்கள் 2ஆம் படியில் எழுதிய அந்த ஒற்றை வசனம் வந்துவிட வேண்டும். இடையில் வானொலியைத் திறந்தவருக்காக நடுவில் இன்னொரு முறை.

நீதிமன்றங்களின் பெயர்களைச் சட்டத்தரணியிடம் வாசித்துக் காட்டுங்கள். மேல் நீதிமன்றம், மேன்முறையீட்டு நீதிமன்றம், உயர் நீதிமன்றம் மூன்றும் அடிக்கடி மாறிப்போகின்றன. வழக்கு நடந்துகொண்டிருந்தால் தீர்ப்பை முன்கூட்டிச் சொல்வதுபோல் ஒரு வரியும் இருக்கக்கூடாது, 2024ஆம் ஆண்டின் 8ஆம் இலக்க நீதிமன்ற அவமதிப்புச் சட்டம் இருக்கிறது. சந்தேகநபரைக் குற்றவாளி என்று சொல்லாதீர்கள்.

10. எடிட்டிங்

பதிலை அது சொல்லப்பட்ட கேள்வியிலிருந்து பிரித்து வேறு கேள்விக்குப் பின்னால் ஒட்டுவது பொய். ஒரு விநாடி மிச்சப்படுத்தவும் அதைச் செய்யக்கூடாது. தடுமாற்றங்களை வெட்டலாம், மூச்சை வெட்டாதீர்கள். மூச்சில்லாத பேச்சு இயந்திரம் போலக் கேட்கும்.

சோகமான வயலினும் புல்லாங்குழலும் வேண்டாம். பேசுபவரின் குரலே போதும். நேயர் என்ன உணர வேண்டும் என்று இசையால் சொல்லிக்கொடுப்பது பேசியவரை நம்பாதது போலாகும்.

முடிந்ததும் ஹெட்போனைக் கழற்றிவிட்டு, சின்ன வானொலியிலோ தொலைபேசியின் ஒலிபெருக்கியிலோ ஒருமுறை கேளுங்கள். பெரும்பாலானவர்கள் சமையலறையிலும் முச்சக்கர வண்டியிலும் அப்படித்தான் கேட்கப்போகிறார்கள். அங்கே விளங்காத சொல் இருந்தால் திரும்பப் பதிவுசெய்யுங்கள்.

11. ஒலிபரப்பு நாள்

நேயர் அழைப்பு சேர்ப்பதாக இருந்தால் சட்டத்தரணி ஒருவரைக் கலையகத்தில் இருத்துங்கள். அழைப்பவர் ஒருவர் திடீரென்று ஒரு தனிநபரின் பெயரைச் சொல்லிக் குற்றஞ்சாட்டுவார், இது அநேகமாக ஒவ்வொரு முறையும் நடக்கும். அழைப்பை எடுக்கும்போதே "தனிப்பட்டவரின் பெயர் வேண்டாம், அலுவலகத்தையும் நடந்ததையும் சொல்லுங்கோ" என்று கேட்டுக்கொள்ளுங்கள். கட்டுப்பாட்டு மேசையில் இருப்பவரிடம் கையசைத்தால் அழைப்பைத் துண்டித்துவிட வேண்டும் என்று முன்பே பேசி வையுங்கள்.

ஒரு மாதக் காலக்கெடு, தகவல் விண்ணப்பத்தின் நாட்கள், போக வேண்டிய அலுவலகம் ஆகியவற்றை இரண்டு முறை நிறுத்தி வாசியுங்கள். நேயர் பேனை தேடி எடுக்கும் நேரத்தையும் கணக்கில் வையுங்கள்.

12. ஒலிபரப்பான பிறகு

அன்றிரவே பேசியவரைத் தொலைபேசியில் அழையுங்கள். யாராவது வந்து விசாரித்தார்களா, அயலில் ஏதும் பேச்சா என்று கேளுங்கள். அடுத்த கிழமையும் ஒருமுறை. பிரச்சினை என்றால் திகதியோடு எழுதி, மனித உரிமைகள் ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகத்தில் முறையிட உதவுங்கள்.

நிகழ்ச்சியின் பிரதியை அவருக்குக் கொடுங்கள், கேட்கக்கூடிய வடிவத்தில். அவருடைய கடதாசிப் பையில் இருக்க வேண்டிய இன்னொரு ஆவணம் அது.

தவறான தகவல் போயிருந்தால் அதே நிகழ்ச்சியின் அதே நேரத்தில் திருத்தம் சொல்லுங்கள். நள்ளிரவுச் செய்திக்குப் பின்னால் சொல்லும் திருத்தம் பிழையைக் கேட்டவரிடம் போய்ச் சேராது.

தகவல் விண்ணப்பம் மறுக்கப்பட்டிருந்தால் மேன்முறையீட்டின் 14 நாட்களை நாட்காட்டியில் குறியுங்கள். ஒலிபரப்பு முடிந்த களைப்பில் கைவிடப்படுவது பெரும்பாலும் இதுதான். தொடர் நிகழ்ச்சிக்கான திகதியையும் தயாரிப்பாளரிடம் அதே கிழமைக்குள் வாங்கிவிடுங்கள். மூன்று மாதம் கழித்து ஐந்து நிமிடம் போதும். அலுவலகத் தலைவருக்கு அந்தத் திகதியை இப்போதே எழுதி அறிவியுங்கள், முதலில் அனுப்பிய அதே நான்கு கேள்விகளையும் இணைத்து.